லாரிக்குள் புகுந்து போகும் கார்

மார்ச் 4, செவ்வாய். காலை 10.40. வந்ததிலிருந்து 63 மோதல்.

அறுபத்துமூன்றும் சுத்தம். நாற்சந்தியில் சிவப்புக் காரை விடுகிறேன். குறுக்கே வரும் லாரியில் மூக்கு நசுங்குகிறது, பின்னால் வரும் ஏழெட்டு வண்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. எவ்வளவு நொறுங்குகிறதோ அவ்வளவு மதிப்பெண். விளையாட்டே அவ்வளவுதான். வண்டிகளுக்குள் ஆள் கிடையாது, வெறும் இருக்கை. எது எதில் இடிக்கும், எப்படி நசுங்கும் என்ற புரோகிராம் கோட் முழுக்க நான் எழுதியது. இரண்டு வருஷம்.

விளையாட்டில் பிழை தேடும் டெஸ்டர் அக்காவிடமிருந்து மறுபடி அதே ரிப்போர்ட்: கார் லாரிக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடுகிறதாம். பதினோராவது தடவை. என் மெஷினில் ஒரு தடவைகூட வரவில்லை. மிச்சத்தைப் படிக்காமலே மூடினேன்.

மார்ச் 6

அக்கா என் மேஜைக்கே வந்துவிட்டார். கையில் அரதப் பழசான ஒரு போன்.

"தம்பி, நீயே விட்டுப் பாரு."

விட்டேன். இடித்தது. மறுபடி விட்டேன். இடித்தது.

"பாத்தீங்களா?"

"இன்னும் நாலஞ்சு தடவை விடு."

எனக்கு மீட்டிங். "அக்கா, அந்த டப்பாவைக் குப்பையில போடுங்க, பிழை தானா சரியாயிடும்" என்றேன். பக்கத்து மேஜையில் கார்களுக்கு நிறம் கொடுக்கிறவன் — பெயின்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம் — சத்தமாகச் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. "இந்த டப்பா வெச்சிருக்கறவங்களும் விளையாடத்தான் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 11

வெளியீட்டுக்கு ஒன்பது நாள். எங்கள் குழுவை நடத்தும் லீடு வந்து நின்றார். "லாரியைச் சரி பண்ணாம டிக் போட மாட்டேன்னு டெஸ்டர் உக்காந்திருக்காங்க. நெஜமாவே பிழையா, இல்ல அவங்களுக்குப் பாக்கத் தெரியலையா?"

"கவனம் பத்தாது."

இரண்டே சொல். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

மார்ச் 13

அக்காவின் மேஜை காலி.

பெயின்டர்: "உன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும்டா."

நானா வேலையை விட்டு எடுக்கச் சொன்னேன்? கேட்டார், பதில் சொன்னேன். இதுக்குப் பேர் என்ன, கொலையா?

மார்ச் 20

வெளியீடு. கேக் வெட்டினோம். லீடு என் முதுகில் தட்டினார்.

மார்ச் 22

"பேய் லாரி." "இடிக்கிற விளையாட்டுல இடிக்கவே மாட்டேங்குது, என்ன எழவுடா இது?" இப்படி முன்னூறு புகாருக்கு மேல். எல்லாமே பழைய போன்காரர்கள்.

மார்ச் 24. மாலை 4.15.

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்க என்ன இருக்கு? என் கையெழுத்து மாதிரி அங்கேயே கிடக்கிறது.

கணக்கு குறையட்டும் என்று, காரின் மூக்கில் ஒரே ஒரு புள்ளி லாரிக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். அதுவும் திரை புதுசாக வரையும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தடவைதான். கார் வினாடிக்கு அறுபது மீட்டர் போகிறது. என் மெஷினில் வினாடிக்கு 120 படம், அதாவது அரை மீட்டருக்கு ஒரு தடவை பார்க்கிறேன். அந்த டப்பாவில் பதினைந்தே படம். நாலு மீட்டருக்கு ஒரு தடவை. லாரியின் அகலம் இரண்டரை. முந்தின படத்தில் புள்ளி லாரிக்கு இந்தப் பக்கம், அடுத்த படத்தில் அந்தப் பக்கம். நடுவில் நடந்தது யாருக்குத் தெரியும்?

கணக்குப்படி எட்டில் மூன்று தடவை தப்பும்.

அக்காவின் ரிப்போர்ட்டை இன்றுதான் கடைசி வரி வரை படித்தேன். எண்பது முறை ஓட்டியிருக்கிறார். முப்பத்தொரு தடவை புகுந்து போயிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்திருக்கிறார்.

கவனம் பத்தாதாம்.

மார்ச் 25

லீடிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டார். "சரி பண்ணிட்டியா? நல்லது. அப்டேட் குறிப்புல 'சிறு திருத்தங்கள்'னு போட்டு அனுப்பு."

"அக்கா?"

"போனவங்க போயாச்சு. கிளறாத."

கண்ணாடிக் கதவை மெதுவாகத்தான் சாத்தினேன். உடைக்கணும்போல இருந்தது. எதை உடைக்க? தப்பு அவருடையதா?

மார்ச் 26. மதியம் 1.20.

போன் பண்ணினேன். மூன்றாவது தடவை எடுத்தார்.

"சொல்லுங்க தம்பி." எனக்கு 'நீங்க' போட்டு அவர் பேசியதே இல்லை.

எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னிப்பும் கேட்டேன். பிறகு சொன்னார்: ஓர் இடத்தில் வேலை கிட்டத்தட்ட முடிவான மாதிரி இருந்ததாம். அவர்கள் லீடைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். 'கவனம் பத்தாது' என்று பதில் வந்ததாம். வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறார்கள்.

"அது யாரோட வார்த்தைன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "மன்னிப்ப வெச்சு நான் என்ன பண்ண? எழுத்துல குடுங்க."

இன்று புதன். செய்ய வேண்டியது:

1. அந்த இடத்துக்கு இன்றே கடிதம். பிழை என்னுடையது, அவர் பதினோரு தடவை சொன்னார், நான் படிக்கவில்லை, அந்த இரண்டு சொல்லும் நான் சொன்னவை. என் முழுப் பெயரோடு.
2. லீடுக்கு நகல். மறைத்து அல்ல, அவர் பெயர் மேலேயே தெரிகிற மாதிரி.
3. 'சிறு திருத்தங்கள்' என்பதை அழித்துவிட்டு, என்ன பிழை, யார் கண்டுபிடித்தது என்று எழுதுவது.
4. லீடு கூப்பிடுவார். போய் நிற்பது. வாயை மூடிக்கொண்டு.
5. அக்காவுக்கு மறுபடி போன் பண்ணக் கூடாது. எனக்கு நல்லவன்னு பேர் குடுக்கறது அவங்க வேலை இல்லை.