சுரைக்காய் கொடுத்து சுரைக்காய் வாங்கியவர்

நேற்றைய சண்டையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்த கணவன் எபினேசர் இன்னும் எழவில்லை. சிப்காட் கம்பெனி பஸ் வருவதற்குள் ஏஞ்சலின் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து எழுதினாள்:

"ஏங்க, சாவி மீட்டர் பொட்டி மேல இருக்குது. நாஷ்டாவுக்கு சுரைக்காய் அடை, மதியத்துக்கு சுரைக்காய் கூட்டு. புதுசா தொறந்த ஏசி காய்கறி கடைக்கு யாரும் போவக்கூடாது, தெருவுல விளையறத தெருவுக்குள்ளயே மாத்திக்கணும்னு சங்கம் வெச்சீங்க. நல்லதுதான். ஆனா எல்லா ஊட்டுக்கும் நீங்களே ஒரே விதையக் குடுத்தா, எல்லா ஊட்லயும் சுரைக்காதான காய்க்கும்? நேத்து ரெண்டு காய் எடுத்துக்கினு போய், ரெண்டு காய் வாங்கினு வந்து, 'புரட்சி'ன்னீங்க. நான் சிரிச்சது தப்பா?

காலைல கன்னியம்மா அக்கா காய் மாத்த வருவாங்க. அவங்க இன்னா கொண்டாருவாங்கன்னு உங்களுக்கே தெரியும். சந்தோஷமா வாங்கி வைங்க."

பஸ் ஹாரன் கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டவள் திரும்பி வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தாக நுழைத்தாள்:

"உங்க ஷிப்ட் பையத் தொவைக்கலாம்னு எடுத்தேன். உள்ள புதுவாயல் ஓட்டல் பரோட்டா கவரு, சால்னாக் கறையோட. சங்கத்துல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ராத்திரி வரும்போது எனக்கும் ரெண்டு வாங்கினு வாங்க."