குளத்தின் மூடி

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். இந்த ஊர்க் குளிர் தாங்காவிட்டால் திரும்பிவிடச் சொன்னாய். முடிவெடுக்கத் தெரியாமல் இருந்தேன்.

நேற்று நான் வேலை பார்க்கும் கிடங்கின் உறைபெட்டியில் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரை முழுக்க நிரப்பி வைத்தேன், வெடித்துவிட்டது. மேலாளர் சிரித்தார். "என்ன வாத்தியாரே, தண்ணி உறைஞ்சா விரியும்னு பாடம் நடத்தினவர்தானே நீங்க?"

நடத்தியவன்தான். விரிவதால் பனிக்கட்டி லேசாகி மிதக்கும் என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒரு குளமே அப்படி மூடிக்கொள்வதைக் கண்ணால் கண்டதில்லை. வெட்கத்தோடு வெளியே போய், உறைந்த குளத்தின் ஓரத்தில் குனிந்தேன். பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர். அதில் ஒரு மீன் நிதானமாக வாலை ஆட்டிக்கொண்டு போயிற்று. குளிரே மூடி போட்டு அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது! மெய்சிலிர்த்து அங்கேயே நின்றேன்.

இந்தப் பனிக்காலத்தை நானும் தாண்டிவிடுவேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. உன் பழைய சால்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்