பொலிந்தது என்று ஒரு பொத்தான்

மச்சான்,

மண்டூர்த் துறையிலிருந்து கிளம்பிய பாதைப் படகு வாவியின் நடுவில் மிதந்துகொண்டிருக்கிறது. என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு சாக்குப் புதுநெல். இன்று காலையில் வெட்டியது, ஈரம் காயவில்லை. அந்த மணம் மூக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சற்று முன் சட்டைப்பைக்குள் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். 'மேட்டு வயல், நான்கு ஏக்கர்: பொலிந்தது. அடுத்த வயலுக்கு மெசின் வருகிறது.'

உன் நிரல் அனுப்பிய செய்தி. நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது, உன் வேலை மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறது. இருந்த காலத்தில் நீ ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை என்பது வேறு கதை.

இந்தச் சாக்கை நான் கொண்டுபோவது புளியந்தீவில் உன் வீட்டுக்குத்தான். நெல்லோடு ரோசலினுக்கு ஒரு செய்தியும் இருக்கிறது. உன் மனைவி இந்த ஒரு வருடமாக என்னைக் காணும்போதெல்லாம் சொல்வது ஒன்றே ஒன்று: "ஒரு சொல்லுச் சொல்லாமப் போயிற்றாரே அண்ணா." கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போன காலையில் நீ கையைக் காட்டிவிட்டு வான் வண்டியில் ஏறினாய், பிறகு உயிரோடு கிறுகி வரவில்லை. எனக்கும் அதே குறைதான். ஆண்பிள்ளை என்ற வீம்பில் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எங்கிருந்து தொடங்குவது? கல்லடியில் அந்த மாடி அறையிலிருந்தே தொடங்குகிறேன். வெளியே பலகையில் 'மென்பொருள் நிறுவனம்' என்று எழுதியிருந்தோம். உள்ளே இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, நீ, நான். நீ புளியந்தீவில் பறங்கியர் வீட்டுப் பிள்ளை, தச்சுப்பட்டறையில் வளர்ந்தவன், நாற்றுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவன். நான் மண்டூர், வெள்ளாமைக்காரக் குடும்பம். எங்கள் வட்டை வயல்களின் கமக்காரர் அமைப்பு நம்மிடம் வேலை தந்தபோது, "வயல் விசயமெல்லாம் என்னட்ட விடு" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அந்த நிமிர்வு எத்தனை நாள் நின்றது என்று உனக்குத் தெரியும்.

அவர்கள் கேட்டது பெரிய காரியமில்லை. வட்டை முழுவதற்கும் வெட்டு மெசின் இரண்டு. யார் வயலுக்கு முதலில், யாருக்கு அடுத்தது என்பதில் ஒவ்வொரு மாரி அறுவடையிலும் மண்டை உடையும். ஆகவே ஒரு வரிசை. வெட்டியானதும் வயல்காரர் தன் கைபேசியில் ஒரு பொத்தானை அமத்தவேண்டும். அமத்தினால் மெசின் ஓட்டுபவருக்கும் அடுத்த வயல்காரருக்கும் செய்தி போகும். அந்தப் பொத்தானில் 'முடிந்தது' என்று எழுதியவன் நான்.

முதல் அறுவடையில் ஒருவரும் அமத்தவில்லை. முதல் வயல் வெட்டியாகி மெசின் தெருவோரம் சும்மா நிற்கிறது. நம் திரையிலோ அது இன்னும் முதல் வயலிலேயே வெட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. வரிசையின் பின்னால் நின்றவர்களின் கதிர் மழைக்குச் சாயத் தொடங்கிவிட்டது. நாம் நிரலை மேலிருந்து கீழ்வரை பேன் பார்ப்பதுபோலப் பார்த்தோம். ஒரு பிழையும் இல்லை. "அதுகளுக்கு போன் பாவிக்கத் தெரியா" என்று என் சொந்த ஊராரையே நான் சொன்னேன். நீதான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாய்.

"சேர்வரில பிழையில்ல. ஆக்கள் அமத்திறாங்க இல்ல. ஏனெண்டு போய்க் கேப்பம் வா."

இதே பாதைப் படகில்தான் வந்தோம். முதல் வயல் என் தாய்மாமனுடையது. வரம்போரம் படங்கு விரித்து நெல் குவிந்திருந்தது. மாமா கைபேசியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். ஆள் அதில் புலி, பேரப்பிள்ளையோடு படம் பார்த்துப் பேசுகிறவர்.

"மாமா, வெட்டினதும் இதை அமத்தச் சொன்னன் தானே?" என்றேன்.

"ஓம், சொன்ன."

"அப்ப ஏன் அமத்தல்ல?"

அவர் குவியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பொலிக்குப் பக்கத்தில நிண்டு 'முடிஞ்சுது' எண்டு அமத்தச் சொல்றியா? என்ர பொலி முடியவா? கொம்மா உனக்கு ஒண்டும் சொல்லித் தரல்லயா மருமகன்?"

எனக்கு அந்த வரம்பிலேயே புதைந்துபோகலாம் என்றிருந்தது. சொல்லித் தராமலா? குவிந்த நெல்லுக்கு அருகில் நின்று முடிந்தது, இல்லை, குறைந்தது என்று எங்கள் ஊரில் குழந்தையும் சொல்லாது. சொன்னால் நெல்லும் அப்படியே ஆகிவிடும் என்பது நம்பிக்கை. நான் இதையெல்லாம் பாலோடு குடித்து வளர்ந்தவன். விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

நீ சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். நீ சேறு பட்ட சப்பாத்தோடு மாமாவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டாய்: "அப்ப என்னெண்டு சொல்லுவீங்க மாமா?"

"பொலிஞ்சுது எண்டு சொல்லுவம் மனே. பெருகிற்று எண்டு கருத்து."

"பொலிஞ்சுது" என்று நீ இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாய். புதுச் சாப்பாட்டை வாயில் வைத்துப் பார்க்கிறவன்போல இருந்தது உன் முகம்.

அதற்குப் பிறகு நான் செய்த கூத்து உனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். நம் செயலி நின்றது உலகில் யார் யாரோ சேர்ந்து செய்து இலவசமாகத் தந்திருக்கும் ஒரு சட்டகத்தின்மேல். உள்நுழைவது, பட்டியல் காட்டுவது, செய்தி அனுப்புவது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். திரையில் தெரியும் சொற்களில் பாதியும் அதற்குள்ளிருந்துதான் வரும். நான் அவசரத்தில் அந்தச் சட்டகத்தின் சொந்தக் கோப்புகளையே திறந்து, 'முடிந்தது' என்று இருந்த இடமெல்லாம் 'பொலிந்தது' என்று ஒரே அடியில் மாற்றிவிட்டேன். வயலில் எல்லாரும் சந்தோசமாக அமத்தினார்கள். வரிசை ஓடியது. நான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் அமைப்பின் செயலாளர் அழைத்தார். "தம்பி, என்ர திரையில 'உங்கள் கடவுச்சொல்லின் காலம் பொலிந்தது' எண்டு வருது. இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?" நீ மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்த சிரிப்புக்குக் கீழ்க் கடைக்காரர் மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதோடு விட்டதா? அடுத்த வாரம் சட்டகத்துக்கு ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. போட்டோம். புதுக் கோப்புகள் வந்து இறங்கி என் மாற்றங்களைத் துடைத்துக்கொண்டு போயின. பாதி அறுவடையில் பொத்தான் மறுபடி 'முடிந்தது' என்று இளித்தது. மாமா கைபேசியையே நிறுத்திவைத்துவிட்டார்.

அன்று நீ சொன்னதை நான் இன்றைக்கும் சொல்லிக்கொள்வதுண்டு. "நிலையில கை வைக்காத மச்சான். பிணைச்சலப் பூட்டு." பட்டறையில் உன் அப்பா சொல்லும் பேச்சாம். கதவு சரியாக வராவிட்டால் நிலையைச் செதுக்கக் கூடாது. நிலை வீட்டுக்காரனுடையது, நாளை அவன் மாற்றுவான். நம்முடையது கதவும், அதை நிலையோடு சேர்க்கும் பிணைச்சலும். இந்தச் சட்டகத்தைச் செய்தவர்களும் பிணைச்சல் பூட்ட இடம் விட்டுத்தான் இருந்தார்கள். ஒரு பக்கம் ஆளின் திரைக்குப் போகுமுன் நம் கையில் ஒருதரம் தந்து வாங்கும் இடம் அது. அங்கே ஒரு சிறிய நீட்சியை எழுதிப் பூட்டினால் போதும். பார்ப்பது வயல் பக்கமா அலுவலகப் பக்கமா என்று அது பார்த்துக்கொள்ளும், வயலுக்குப் பொலிச் சொல்லையும் அலுவலகத்துக்கு அலுவலகச் சொல்லையும் கொடுக்கும். சட்டகம் எத்தனை தரம் புதுப்பிக்கப்பட்டாலும் நீட்சி தன்பாட்டில் இருக்கும்.

உன் வீட்டு விறாந்தையில் மூன்று பின்னேரம். ரோசலின் பிளேன்டீ ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்தாள். நிரல் முழுவதும் நீ எழுதியது. என் பங்கு சொற்பட்டியல் மட்டும். 'வயல்கள் இல்லை' என்பதற்கு 'இனி வரும்', இப்படி ஒரு ஏழெட்டு. அதையும் நீ நம்பவில்லை, அச்சடித்துக் கொண்டுபோய் மாமாவிடம் வாசித்துக் காட்டினாய். அவர் இரண்டை வெட்டினார். என்னை உள்ளூர் நிபுணன் பதவியிலிருந்து இறக்கியது அந்தப் பேனாதான்.

அதை உலகத்துக்கும் பொதுவில் போடுவோம் என்றாய். "மண்டூர்ப் பொலியை ஆர் எடுக்கப்போறான்?" என்று நான் கிண்டலடித்தேன். ஒரு கணக்குத் திறக்கவும் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் உன் பெயரிலேயே போடு என்று விட்டுவிட்டேன். ஐந்தாறு மாதம் போக, எங்கோ குளிர் நாட்டு மீனவர் சங்கத்திலிருந்து ஒருவர் எழுதினார். கடலுக்குப் போகுமுன் அவர்களும் சில சொற்களைச் சொல்லமாட்டார்களாம். நம் நீட்சியில் தங்கள் சொற்களைப் போட்டு ஓட்டுகிறார்களாம், நன்றியாம். கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அந்த மடலை நீ இரண்டு தரம் உரத்து வாசித்தாய். காற்றில் பாதி கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தே மீதியை விளங்கிக்கொண்டேன்.

அந்தச் சொல் உன்னைப் பிடித்துக்கொண்டதுதான் பெரிய வேடிக்கை. உன் வீட்டில் சோற்றுப்பானை காலியானால் "பொலிஞ்சுது". மழையில் கரண்ட் போனால் "பொலிஞ்சுது". ஒருநாள் சமைத்துக்கொண்டிருக்கையில் காஸ் தீர்ந்துவிட்டது. ரோசலின் அகப்பையோடு வந்து நின்றாள். "காஸ் பொலிஞ்சிருக்கு, சந்தோசப்படு" என்றாய். அவள் கோபப்படப் பார்த்துத் தோற்றுச் சிரித்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்போதைய கதைக்கு வருகிறேன். சட்டகத்தின் புதுப் பெரிய பதிப்பு வந்திருக்கிறது. உன் பிணைச்சல் பூட்டியிருந்த இடத்தை அதில் எடுத்துவிட்டு வேறிடம் தந்திருக்கிறார்கள். பழைய பதிப்பை மாத முடிவோடு நிறுத்துவதாக அறிவிப்பு. மாரி அறுவடைக்கு இரண்டு கிழமை இருந்தது. அமைப்புக்கு இப்போது செயலாளர் ஒரு இளம்பெண், கெட்டிக்காரி. "சொல்லே வேணாம் அண்ணா. ஒரு சரி அடையாளம் போட்டா எல்லாருக்கும் விளங்கும்தானே?" என்றாள். நியாயமான பேச்சு. ஆனால் அப்படிச் செய்தால் உன் நீட்சிக்கு அங்கே வேலையில்லை. அதைக் கழற்றி எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு கிழமை தா என்று கேட்டேன்.

நீ போனபிறகு அந்த நிரலை நான் திறக்கவே இல்லை. திறந்ததும், எங்கே கை வைப்பது என்று பார்க்க, நீ செய்த மாற்றங்களின் குறிப்புகளை அடியிலிருந்து வாசித்துக்கொண்டு வந்தேன். உன் குறிப்புகள் எல்லாம் கடிதம் மாதிரி நீளம். 'மாமா வேண்டாம் என்றார், எடுத்துவிட்டேன்.' 'இவனுடைய எழுத்துப்பிழையைத் திருத்தினேன், இது நாலாவது தரம்.' தனியே இருந்து சிரித்தேன். கடைசிக் குறிப்புக்கு வந்தேன். ஒரு சொல்தான்.

'பொலிஞ்சுது.'

நீ வான் வண்டியில் ஏறிய அதே காலையில் எழுதியது. அந்த நேரமே எனக்கு மின்னஞ்சலில் அறிவிப்பு வந்தது ஞாபகம் இருக்கிறது. எதையோ சோதித்துப் பார்க்கிறாய் என்று நினைத்துத் திறக்காமல் விட்டிருந்தேன். இப்போது திறந்தேன். சோதனையுமில்லை, நிரலில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அந்த நீட்சிக்கு உரியவர்கள் பட்டியலில் உன் பெயருக்குக் கீழே என் பெயரைச் சேர்த்திருந்தாய், அவ்வளவுதான்.

மச்சான், நான் அழுதேன். மேசையில் தலையைக் கவிழ்த்து, நீ அன்று சிரித்த அதே மேசையில் அழுதேன். திரும்பி வரமாட்டாய் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், எங்கள் ஊர் வயலில் நிற்கிறவன்போல, அந்த மற்றச் சொல்லை நீ வாயில் எடுக்கவில்லை.

அழுது முடிய மனம் இலேசாகிவிட்டது. வேலை இரண்டே நாள்தான் எடுத்தது. புது இடத்தில் பிணைச்சலைப் பூட்டினேன், நிலையில் கை வைக்கவில்லை. பட்டியலில் உன் பெயர் மேலே, என் பெயர் கீழே, நீ வைத்தபடியே இருக்கிறது. முன்னாள் ஆட்களுக்கென்று ஒரு தனி இடம் உண்டு. அதற்கு உன்னை நான் நகர்த்தவில்லை.

இப்போதெல்லாம் ஒரு பொத்தானில் ஒரு சொல்லைப் போடுமுன், அதை அமத்தப்போகிறவர் நிற்கும் இடத்துக்கு ஒருதரம் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். அது நீ எனக்குத் தந்துவிட்டுப் போனது.

இன்று காலை மாமாதான் முதலில் அமத்தினார். பிறகு ஒரு சாக்கை நிரப்பிக் கட்டி என் வண்டியில் ஏற்றினார். "உன்ர கூட்டாளிர வீட்டுக்குக் குடு. பொலி எண்டு சொல்லிக் குடு" என்றார்.

பாதை கரை தட்டுகிறது. இன்னும் ஒரு மணி நேர ஓட்டம் இருக்கிறது. சாக்கை உன் விறாந்தையில் இறக்கிவைத்துவிட்டு அந்தக் கடைசிக் குறிப்பை ரோசலினிடம் காட்டுவேன். விளக்கம் சொல்லத் தேவையில்லை, காஸ் தீர்ந்த அன்று சிரித்தவள் அவள். நீ சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாய், மச்சான். நாங்கள்தான் திறந்து பார்க்கவில்லை.