துரை பீற்றூட்டுக்கு ஒரு குளிர்காலம்

ஜனவரி 6

முசலியில் கூட்டம் முடிந்து தீவுக்குப் பாலத்தால் வரும்போது, இரண்டு பக்கத் தண்ணீரும் வானத்தின் நிறத்திலேயே கிடந்தது. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பஸ் அந்தரத்தில் ஓடுவதுபோல் இருந்தது.

லட்சுமி முற்றத்துக் கதிரையில், காலையில் நான் விட்டுப்போன இடத்திலேயே இருந்தாள். சிவலட்சுமி என்று முழுப்பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்தவள். பிறகு மலையில், நானுஓயாவில் படிப்பித்தவள். கார்த்திகை மழையில் மலை சரிந்து அவளுடைய வீட்டையும் தோட்டத்தையும் கொண்டுபோய்விட்டது. கணவர் மாரிமுத்து அங்கேயே தன் தம்பியின் வீட்டில் தங்கியிருக்கிறார். இவள் மட்டும் ஒரு பையோடு இங்கே வந்துவிட்டாள்.

"இங்க மேலேருந்து விழுறதுக்கு ஒன்னுமே இல்ல, யசி." வந்தபின் அவள் சொன்ன ஒரே முழு வசனம் அதுதான்.

எவ்வளவு காலத்துக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

ஜனவரி 10

அலுமாரியில் தேடியது வேறு, கிடைத்தது வேறு. எப்போதோ லட்சுமி தந்த பீற்றூட் விதைப் பொட்டலம். அன்றைக்கு வாங்கி வைத்ததோடு சரி.

மாரிமுத்துவின் அப்பா பங்களாத் தோட்டத்தில் வேலை செய்தவர். வெள்ளைக்காரத் துரை நாட்டை விட்டுப் போனார், அவருடைய பீற்றூட் தொழிலாளர் லயத்துக்கு வந்தது. நீளக் கிழங்கு; வெட்டினால் உள்ளே வெள்ளை வளையங்கள். துரை பீற்றூட் என்றுதான் அங்கே பெயர். கடைகளில் இந்த விதை கிடைக்காது. வருடா வருடம் ஒரு வரியை விதைக்கென்று விட்டு அவர்களே எடுத்தார்கள். மண் சரிந்தபோது விதை போட்டு வைத்த ரின்னும் போய்விட்டது.

பொட்டலத்தை அவளுடைய மடியில் வைத்தேன். கன நேரம் மணந்து பார்த்தாள்.

"இது முளைக்காது," என்றேன். என் சுபாவம்.

"முளைக்காதுதான்," என்றாள். பிறகு எழுந்துபோய்த் தேத்தண்ணிக் கோப்பையில் ஊறப் போட்டாள்.

ஜனவரி 20

முளைத்துவிட்டது. எல்லாம் அல்ல, ஆனால் போதும். மணலில் சிவப்பு நூல் தைத்த மாதிரி.

ஜனவரி 31

ஒரு விதையிலிருந்து ஒரு கொத்தே வருகிறது. ஒன்றை விட்டு மற்றவற்றைப் பிடுங்க வேண்டுமாம். என்னால் முடியவில்லை. அவள் ஒரு முகமாற்றமும் இல்லாமல் பிடுங்கினாள். பிடுங்கியதைச் சுண்டிச் சோற்றோடு சாப்பிட்டோம்.

பெப்ரவரி 18

எங்கள் கிணறு உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர். முளைக்கும் வரைதான் பைப் தண்ணீர் ஊற்றினோம். இப்போது சவரையே குடித்துக்கொண்டு இலை பளபளவென்று நிற்கிறது. பீற்றூட்டின் மூதாதை கடற்கரைச் செடி என்று எங்கோ வாசித்திருக்கிறேன். அப்படியென்றால் இந்த மணல்தான் அதன் ஊர். மலைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

இந்த மாதிரி யோசிக்கிற ஆள் நான் இல்லை. வெயில்தான் காரணமாக இருக்கும்.

மார்ச் 29

கிழங்குகளைக் கிளறி எடுத்தோம். ஒன்றை வெட்டினோம், ஈரமான வளையங்கள், குளத்தில் கல் போட்டதுபோல. இருவரும் கொஞ்ச நேரம் சாப்பிடாமலே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு சொன்னாள்: "மத்ததத் திரும்ப நட்டாத்தான் விதை. ஆனா இங்க விதை வராது, யசி. குளிர் பட்டாத்தான் பூக்கும். குளிரே காணாட்டி கெழங்காவே கெடந்து செத்துப்போகும்."

பின்னேரம் வழக்கம்போல் மாரிமுத்துவின் அழைப்பு. அவள் போன் அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை. அங்கே மழை பெய்தால் போனுக்குள்ளும் கேட்குமாம், அந்தச் சத்தம் வேண்டாமாம்.

குளிர்தான் வேண்டுமென்றால் பிறிஜ் இருக்கிறதே? ஆறேழு கிழமை உள்ளே வைத்து எடுத்து நடலாம் என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். இங்கேயே விதை எடுத்தால் அவள் எதற்காகத் திரும்பிப் போகவேண்டும்?

எழுதிவிட்டேன். அந்தக் கடைசி வசனத்தை வெட்டப்போவதில்லை.

ஏப்ரல் 4

என் பிறிஜில் சிறிய கிழங்குகள் நாலுக்குத்தான் இடம். ஈரமணலில் புதைத்து மரக்கறித் தட்டில் வைத்தோம். நல்ல கிழங்குகளைப் பக்கத்து வீட்டு அமிர்தநாயகம் அண்ணையிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மீன் வியாபாரி; ஐஸுக்குக் குறைவில்லை.

"இது கெட்டுப்போகக் கூடாது, அண்ணை. உங்கட அறக்குளா மீன் மாதிரிப் பாத்துக்கொள்ளுங்கோ."

"அறக்குளாவை விட நல்லாப் பாப்பன். யோசியாம போங்கோ, தங்கச்சி."

ஏப்ரல் 15

மத்தியானம் கண்ணயர்ந்துவிட்டேன். வெளியே வெள்ளை வெயில். உள்ளே பிறிஜ் முனகிக்கொண்டிருந்தது. அந்த இருட்டுக்குள் ஒரு மார்கழி. கிழங்குகள் தங்களை மலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு தூங்குகின்றன. நாங்கள் அவற்றுக்குச் சொல்லும் பொய். பொய்தான், ஆனால் எவ்வளவு அமைதியான பொய்.

லட்சுமி பாயில் படுத்திருந்தாள். அவளும் அப்படித்தான் இருக்கிறாளோ?

மே 3

போச்சு. எல்லாம் போச்சு.

கிழங்குகளைப் பார்ப்போம் என்று லட்சுமியும் நானும் போனோம். அண்ணை பெருமையாக மீனுக்கு ஐஸ் போடும் றெஜிபோம் பெட்டியைத் திறந்தார். ஐஸுக்குள் வரிசையாக அடுக்கியிருந்தார். ஒன்றிலும் தலை இல்லை. இலை வருகிற தலை. அது போனால் பிறகென்ன இருக்கு?

"தலையையும் வாலையும் வெட்டி, வடிவாக் கழுவித்தானே போட்டனான்," என்றார். "தலையோட ஐசில வைச்சா நாறிப்போகுமெல்லோ."

நான் சொன்னதைத்தானே மனிசன் செய்தது. அறக்குளா எண்டு சொன்னது ஆர்? நான்தானே.

லட்சுமி ஒன்றைக் கையில் எடுத்தாள். அது நசிந்து விரல்களுக்கிடையால் வழிந்தது. அவள் சிரிக்கத் தொடங்கினாள்.

"செதிலும் எடுத்தீங்களாண்ணே?"

"இதுக்குச் செதில் எங்க, பிள்ளை?" என்று அவர் உண்மையாகவே கேட்டார்.

இன்னும் சிரித்தாள். வந்து இத்தனை மாதத்தில் முதல் தடவை. வீட்டுக்கு வந்து அழுதாள். அதுவும் முதல் தடவைதான்.

மே 4

பின்னேரம் போன் அடித்தது. எடுத்தாள். நான் கிணற்றடிக்குப் போய் வேண்டாத வாளியெல்லாம் கழுவினேன்.

திரும்பி வர, "மிச்சம் இருக்கிற நாலையும் நான் மேல கொண்டு போறேன், யசி," என்றாள். "அதுதான் கடைசி. இந்த வெயில்ல நட்டுப் பாக்க எனக்குத் துணிவில்ல."

"அங்க மழைக்காலம் வருது," என்றேன்.

"தெரியும்."

அவள் சொல்வதுதான் சரி. பிறிஜில் தூங்கவைத்தாலும் எழும்புவது இந்த வெயிலில்தான்; பட்ட குளிரை வெயில் மறக்கடித்துவிடும். எனக்கு இது ஏப்ரலிலேயே தெரியும். நம்பவேண்டும் போலிருந்ததால் நம்பினேன்.

மே 24

கண்டி பஸ். றெஜிபோம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அமிர்தநாயகம் அண்ணை புதுப்பெட்டி தந்து, கயிறும் தானே கட்டிவிட்டார்.

நில் என்று சொல்ல நினைத்தேன். "வழியில மூடியைத் திறக்காத" என்று சொன்னேன்.

ஜூன் 17

சோளகக் காற்று. வீடெல்லாம் மணல்.

ஓகஸ்ட் 9

லட்சுமி. பின்னால் மழைச் சத்தம். அவள் அதற்கு மேலால் கத்திக் கதைத்தாள்.

நாலில் இரண்டு அழுகிவிட்டன. மற்ற இரண்டும் தண்டு விட்டு மாரிமுத்துவின் தோளுயரம் நிற்கின்றனவாம். மாரிமுத்து கம்பு ஊன்றிக் கட்டியிருக்கிறாராம். பூ என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை, பச்சைப் பொடி மாதிரி, ஆனால் தேன் மணம்.

"நீ நம்பமாட்ட. வந்து பாரு. வெதையப் பறிக்கிறப்ப நீ இருக்கணும்."

"எனக்குக் குளிர் ஒத்துவராது."

"அப்பிடியா? வந்து சொல்லு."

செப்ரெம்பர் 12

லீவுக் கடிதத்தில் ஒரு கிழமை என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிஷம் கழித்துத் திருப்பி வாங்கி, இரண்டு கிழமை என்று மாற்றினேன். பியோன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

கந்தோர் விட்டு வரும் வழியில் பவ்ஸானின் துணிக்கடை. "ஸ்வெற்றரா?" என்று பவ்ஸான் சிரித்தார். "இந்த வெக்கைல யாருக்கு மிஸ், ஸ்வெற்றர்? மீனுக்கா?"

"எனக்கு."

சிரிப்பை நிறுத்திவிட்டு ஏணி வைத்து ஏறினார். மேல்தட்டில் இருந்து ஒன்றே ஒன்றை இறக்கினார். மண்ணிறம், கை கொஞ்சம் நீளம். அளவு பார்க்கப் போட்டேன். உடனே வியர்த்தது.

வீடு வரும்வரை கழற்றவில்லை.