காக்கியைக் கழற்றிய கணக்கு வாத்தியார்

மாப்பிள்ளைக்கு,

இன்று காலை கோபியில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் யாருக்கோ காக்கித் துணியைப் பிரித்து உதறினார். அந்தக் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

கோவை–சத்தி தனியார் பேருந்தில் நான் டிரைவர், நீ கண்டக்டர். கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட்.டும் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்துவிட்டு, தோளில் டிக்கெட் பையை மாட்டிக்கொண்டவன் நீ. தொண்ணூறுகளின் நடுவில், உன் காதோரம் நரைத்த பிறகு, அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராகச் சேர உத்தரவு வந்தது. அதுவும் நம் வண்டி போகும் சாலையிலேயே, புளியம்பட்டி தாண்டி. முதலாளி உன்னைச் செக்கராக்குகிறேன் என்றார். நீ இரண்டு மனதாகத் தவித்தாய். உன் மனைவிதான் முடிவு கட்டினார்: "போய்ப் பாருங்க. புடிக்கலீனா பஸ்ஸு எங்கீங்க போயிரப் போகுது?"

சேர்ந்த அன்று நம் வண்டியிலேதான் வந்தாய். வெள்ளைச் சட்டை போட்டிருந்தும், பழக்கத்தில் பின்படிக்கட்டிலேயே நின்றாய். பள்ளி வாசலில் நிறுத்தினேன். நீ இறங்காமல் முன்னால் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாய்:

"மச்சா, இந்தப் பசங்கெல்லாம் நம்ம வண்டில தொங்கிட்டு வர்றவனுக. கண்டக்டரு பாடம் எடுக்க வந்துட்டான்னு சிரிச்சுப்போடுவானுக."

"சிரிச்சாச் சிரிக்கட்டும் மாப்ளே. எறங்கு, சத்திக்கு நேரமாச்சு."

அன்று முழுக்க உன் நினைப்பாகவே வண்டியை ஓட்டினேன். சாயங்காலம் திரும்பும் நடையில் நீ ஏறியபோது முகத்தைப் பார்த்ததும் மனசு ஆறிவிட்டது. நீ வகுப்புக்குள் நுழைந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து எவனோ, வண்டி கிளம்ப அடிப்பது போல, இரண்டு விசில் அடித்திருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. நீ நிதானமாகச் சாக்பீஸை எடுத்து, "ரைட், போலாம். புஸ்தகத்த எடுங்க" என்றாயாம். அதற்கப்புறம் அவர்கள் சிரித்தது உன்னோடு சேர்ந்து. நீ சொல்லச் சொல்ல வண்டியிலிருந்த கூட்டமும் சிரித்தது. உன் ஊரான அன்னூர் வரும்வரை நானும் சிரித்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

ஆனால் பயம் உனக்கு முழுதாகப் போகவில்லை. மறுநாள் பாடத்தை அன்னூர் டீக்கடையில், வண்டி நிற்கும் கொஞ்ச நேரத்தில், என்னிடம் ஒத்திகை பார்ப்பாய். எட்டாவதில் கணக்குக்குப் பயந்து பள்ளியை விட்டு ஓடியவன் நான். அதுதான் உனக்கு வசதி. "உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும் மச்சா" என்பாய். எக்ஸ் என்றால் இன்னும் டிக்கெட் எடுக்காத ஆள், அது யாரென்று கண்டுபிடித்தால் போதும் என்று நீ சொன்ன நாளில், என் பாதி வாழ்க்கை கடந்தபின், முதன்முதலாக ஒரு சமன்பாட்டை நானே போட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நீ என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். உனக்குத்தான் என்னைவிடச் சந்தோஷம்.

நான் தப்பாகச் சொன்னால் நீ ஒருநாளும் தப்பு என்றதில்லை. "கிட்ட வந்துட்டே, இன்னொருக்காப் பாரு" என்பாய். இப்போது பேத்தி கணக்கோடு வந்து உட்காரும்போது என் வாயிலும் அதுவே வருகிறது. போன வாரம் அவள் கேட்டாள், எந்தப் பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் படித்தீர்கள் தாத்தா என்று.

"பள்ளிக்கூடத்துல இல்ல கண்ணு," என்றேன். "எங்கூட பஸ்ஸுல ஒரு வாத்தியார் வந்தாரு."