கம்ப்யூட்டரில் நான் இறக்கிய விமானம்

என் சுமதிக் கண்ணுக்கு,

உன் அறையில், உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கரண்ட் இல்லை. இருந்திருந்தால் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், விமானம் ஓட்டிக்கொண்டிருப்பேன். சிரிக்காதே. உன் அம்மாவுக்கு இப்போது விமானம் ஓட்டத் தெரியும், கம்ப்யூட்டரில்.

உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா?

சோமனூரில், தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள் நீ. அப்பாவுக்குத் தறிக்குடோன், அதை ஒட்டி எனக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். பி.எஸ்ஸி. முடித்த கையோடு பைலட் ஆகப் போகிறேன் என்றாய். அப்பா முடியாது என்றார். நீ சண்டை போடவில்லை, அழவில்லை. தினமும் சாப்பிடும்போது அதையே பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். கடைசியில் அவரே கோயமுத்தூர் ஸ்டேஷனுக்கு வந்து உன்னை ரயில் ஏற்றிவிட்டார். நீ படிக்கப் போன இடத்தின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.

முதல் லீவுக்கு வந்தபோது ஒரு டப்பா நிறைய ஃபிளாப்பி கொண்டுவந்தாய். இன்ஸ்டிடியூட்டுக்கென்று வாங்கிய கம்ப்யூட்டர் அன்றைக்கே உன் அறைக்கு வந்துவிட்டது. ஃபிளைட் சிமுலேட்டர் என்று நீ சொன்னாய், விமான விளையாட்டு என்று நாங்கள் சொன்னோம். உனக்குக் கோபம் வரும். ஆனால் நிஜம் மாதிரியே இருக்குமா என்று நான் கேட்டபோது நீயேதான் உதட்டைப் பிதுக்கினாய்.

"மீட்டரெல்லாம் கரெக்டுங்மா. வேகம், உயரம், எல்லாம் சரியாக் காட்டும். கண்ணுக்குத்தான் எல்லாம். உடம்புக்கு ஒண்ணும் தெரியாது."

நிஜ விமானம் ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது மூக்கு இடது பக்கம் இழுக்குமாம், வலது காலால் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். கம்ப்யூட்டரில் காலுக்கு வேலையே இல்லை, அதுவே மிதித்துக்கொள்கிறது என்றாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். பாதி புரிந்தது. உன் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்.

லீவு முடிந்து போன பிறகு ஒரு நாள், நிஜ விமானத்தை நீ தனியாக ஓட்டினாய். தரையை விட்டு மேலே போன கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. நீ ஓடுபாதைக்கே திரும்பி வரப் பார்த்திருக்கிறாய். திரும்பும்போது ஒரு பக்க இறக்கை சாய்ந்து, விமானம் விழுந்துவிட்டது. போனை அப்பாதான் எடுத்தார். ரிசீவரை வைத்துவிட்டுத் தறியை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். சத்தம் மொத்தமாக அடங்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த பேச்சுதான் தாங்க முடியவில்லை, கண்ணு. எஞ்சின் நின்றால் தாழ்வான உயரத்தில் திரும்பவே கூடாது, நேராகப் போய்க் கிடைத்த இடத்தில் இறக்க வேண்டும், அதுதான் பாடம் என்று விசாரணையில் சொன்னார்களாம். கருமாதிக்கு வந்தவர்கள் வரை அந்தச் செய்தி வந்துவிட்டது. விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவர்கள், பந்தியில் உட்கார்ந்து, புள்ள திருப்பாம இருந்திருந்தா பொழச்சிருக்கும் என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் சொல்லும்போது நீ இன்னொரு முறை விழுந்தாய். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். பதில் சொல்ல எனக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும்?

அதனால்தான் உன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மத்தியானம் இன்ஸ்டிடியூட்டில் ஆள் இருக்காது. நீ வாங்கிய ஜாய்ஸ்டிக் எனக்குப் பிடிபடவில்லை, கீபோர்டிலேயே ஓட்டினேன். விரல்கள்தான் என் பிழைப்பு. எட்டை அழுத்தினால் மூக்கு கீழே, இரண்டை அழுத்தினால் மேலே, நாலும் ஆறும் பக்கத்துக்கு. மேலே ஏறுவதற்கே பல நாள் ஆயிற்று. ஏறப் பழகியதும் ஒரு கீயைத் தட்டி எஞ்சினை நானே அணைத்தேன். பிறகு உன்னை மாதிரியே திரும்பினேன்.

விழுந்தேன். விழுந்தால் அதற்கு ஒன்றுமில்லை, உனக்குத்தான் தெரியுமே. திரை ஒரு நொடி நிற்கும், பிறகு முழு விமானமும் முழு பெட்ரோலுமாக ஓடுபாதையின் தொடக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். முதல் தடவை அப்படி நின்றபோது நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். இவ்வளவு சுலபமா?

ஒரு நாள் இறங்கிவிட்டது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு, சாய்த்துத் திருப்பி, ஓடுபாதையின் ஓரத்தில் தொட்டு, உருண்டு நின்றது. சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். கை தட்டப் போனேன். அப்புறம்தான் உறைத்தது. ஐம்பது வயது டைப்ரைட்டிங் டீச்சர் விரலால் இறக்குகிறேன், படித்த நீ ஏன் இறக்கவில்லை? இறங்க முடியும் என்றால் தப்பு உன்னுடையது. இறங்க முடியாது என்றால் திரும்பியதே தப்பு. எந்தப் பக்கம் போனாலும் தப்பு செய்தவளாக நீதான் நின்றாய். மறுநாளும் இறக்கினேன். அதற்கு மறுநாளும்.

போன மாதம் உன் கேப்டன் வந்தார். உனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். பல்லடத்துக்காரர் என்று நீ சொல்லியிருக்கிறாய். கோயமுத்தூரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தவர் பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்துவிட்டார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். நான் அவரை உன் அறைக்குக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

ஏறினேன், அணைத்தேன், திரும்பினேன், இறக்கினேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நான் எறக்கறனே. இது நிஜமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் தள்ளி உட்காரச் சொல்லி ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். மேலே போய், திரும்பும்போது வேண்டுமென்றே அளவுக்கு மீறி மூக்கைத் தூக்கினார். வேகம் செத்து இறக்கைக்குக் காற்று பிடிபடாமல் போவதைத்தானே ஸ்டால் என்பீர்கள்? திரையில் விமானம் தலையை மெதுவாக ஆட்டியது, கொஞ்சம் இறங்கியது, பிறகு தானாகவே சரியாகிவிட்டது. இன்னொரு தடவை செய்தார், அதேதான். நிஜத்தில் இப்படி விழாது என்றார். காலால் மிதிப்பதில் கொஞ்சம் பிசகினாலும் ஒரு பக்க இறக்கை மட்டும் கைவிட்டுவிடும், விமானம் அந்தப் பக்கமாகப் புரண்டுவிடும், அந்த உயரத்தில் நிமிர்த்த இடம் இருக்காது. இந்தப் புரோகிராமில் அந்தப் புரளல் இல்லவே இல்லை. வேகம் குறையும்போது நிஜக் கைப்பிடி தொளதொளவென்று ஆகிவிடும், உட்கார்ந்த இடம் கீழே நழுவும், வெயிலில் காற்று தூக்கிப் போடும். இந்த ஜாய்ஸ்டிக்கோ எப்போதும் ஒரே ஸ்பிரிங்தான் என்று அதை ஆட்டிக் காட்டினார்.

அதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது.

"எஞ்சின நிறுத்தறது நீங்கதானுங்க. அது நிக்கப் போவுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்க. அந்தப் புள்ளைக்குத் தெரியாதுங்க."

அவள் பிழைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். நேராகப் போயிருந்தால்? நேரே பாறைக்குழியும் வீடுகளும்தான் இருந்தன, அதுவும் தெரியவில்லை என்றார். எல்லாம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று நான் எவ்வளவு நம்பினேன். கிளம்பும் நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டு, தலையைத் தூக்காமல் ஒன்று சொன்னார்.

"நானும் ஊட்ல இதையேதானுங்க போட்டுப் போட்டுப் பாக்கறேன். எனக்கும் எறங்கீருதுங்க."

அப்பா அதுவரை பக்கத்து அறையில்தான் இருந்தார். நீ போன பிறகு உன் அறைக்குள் அவர் காலடி வைத்ததில்லை. வாசல் வரை வந்து கேப்டனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். விழும்போது அவளுக்குத் தெரிந்திருக்குமா, பயந்திருப்பாளா என்று. அவள் கை வேலை செய்துகொண்டே இருந்திருக்கும், பயப்பட நேரம் இருந்திருக்காது, ஆனால் சத்தியமாகச் சொல்ல என்னால் முடியாது என்றார் கேப்டன். அப்பா தலையாட்டிவிட்டு அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனார்.

அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை, கண்ணு. பொய் என்று தெரிந்த பிறகும் கை போகிறது. இறங்கும் ஒவ்வொரு முறையும் நீ வந்து சேர்ந்த மாதிரி ஒரு நொடி இருக்கிறது. அந்த ஒரு நொடிக்காக மத்தியானம் முழுவதும் போய்விடுகிறது.

நேற்று அப்பா உள்ளே வந்தார். மோடாவை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க, ஓட்டு பாக்கலாம்" என்றார்.

ஓடுபாதையில் வேகம் எடுத்து மேலே ஏறினேன். வழக்கமான உயரம் வந்ததும் என் விரல் அந்தக் கீக்குப் போனது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாத. அது பாட்டுக்குப் போவுட்டும்."

போகவிட்டேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அது ஏதோ அமெரிக்க ஊர், கீழே ஒரு ஏரி, கண்ணுக்கெட்டிய வரை கட்டம் கட்டமாக நீலம். நம்ம ஊர் இதில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். மேட்டுப்பாளையத்து மலையாவது இருக்குமா என்றார். அதுவும் இல்லை. இருவரும் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா அழுதார். கருமாதியில்கூட அழாதவர். நான் என்ன செய்வது? ஒரு கையை அவர் தோளில் வைத்துக்கொண்டேன், இன்னொரு கையால் விமானத்தை நேராகப் பிடித்துக்கொண்டேன். கரண்ட் போகும் வரை அப்படியே இருந்தோம்.

இனி எஞ்சினை அணைக்க மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க ஆசைதான். என்னால் முடியுமா என்று தெரியாததால் கொடுக்கவில்லை. முடிந்த ஒன்றைச் சொல்கிறேன். இனிமேல் யாராவது என் காதுபட, புள்ள திருப்பியிருக்கக் கூடாது என்று சொன்னால், பேசாமல் எழுந்து போக மாட்டேன். உன் மேல் தப்பில்லை என்று வாதாட என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாதுங்க, எனக்கும் தெரியாதுங்க, அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கே தெரியாதுங்க என்று சொல்வேன். யார் வீட்டுப் பந்தியாக இருந்தாலும், எத்தனை பேர் இருந்தாலும் சொல்வேன். அந்த வானத்தில் நீ மட்டும்தான் இருந்தாய், அம்மணி.

உன்னைப் பெற்றவள்,
அம்மா