புகையில்லாத ரயில்

லூன் ஏரி நிறுத்தம்,
ஏப்ரல் மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் லியோனுக்கு,

அம்மா பிலோமின் எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். எப்போதும் எழுதுவதுதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்த முறை யோசித்துத்தான் எழுதினேன். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை அப்பாவுக்குச் சரியாக இருக்கிறது. எனக்கு வந்த சிவப்புத் தொப்பியைப் பார்த்தாலே அப்பாவை வேலை வாங்குகிற டோய்வோ போர்மேன் சிரிக்கிறான். அதனாலேயே தினமும் போட்டுக்கொள்கிறேன்.

ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. ஆனால் ஆறு புறப்படும் இடத்தில் பனி கறுத்து, நடுவில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது. அக்கரைக்குப் போக இனி ரயில் பாலத்தை விட்டால் வழியில்லை. அப்பா எப்போதும்போல விடிந்ததும் தண்டவாளம் பார்க்கப் போகிறார். குளிரில் எங்கேயாவது விரிசல் விட்டிருந்தால் அவர்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

நம் நாய் மக்வா போய்விட்டது. ஓநாய்கள் கொண்டுபோய்விட்டன, கழுத்துப்பட்டைதான் கிடைத்தது. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான், மூஸ் மான் கறிக் குழம்பு வைத்தும் தொடவில்லை. டோய்வோ வந்து, "நாய்தானே அம்ப்ரோஸ், பொண்டாட்டி போன மாதிரி உக்காந்திருக்கியே" என்று கேலி செய்தான். எனக்கும் எரிச்சல்தான். என் அம்மா செத்தபோதுகூட மனுஷன் இப்படி உட்காரவில்லை. அவர் எதற்காக அப்படி உட்கார்ந்திருந்தார் என்று அடுத்த நாள்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்குக் காலையில் நான் பாலத்துக்குக் கீழே, கரையோரப் பனியில் துளை போட்டுத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். அப்பா பாலத்தின் முனையில் வழக்கம்போல ஒரு சிட்டிகை புகையிலையை ஆற்றுக்குக் காணிக்கையாகப் போட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தனியாக நடக்க ஆரம்பித்தார். பாதி தூரம் போயிருப்பார். அவருக்குப் பின்னால் சரக்கு ரயில் ஊதியது. எனக்கே காது அடைத்தது, அப்படி ஊதினான். அவர் திரும்பவில்லை. குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தார்.

நான் கத்தினேன். வாளியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினேன். அப்பா கீழே பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அவரும் கையை ஆட்டினார், லியோன். அந்தச் சிரிப்பு எனக்குச் சாகும்வரை மறக்காது. பின்னால் ரயில் வளைவு திரும்பிப் பாலத்துக்கு வந்துவிட்டது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பனியில் மல்லாக்க விழுந்து அசையாமல் கிடந்தேன்.

நான் செத்துவிட்டேன் என்றே நினைத்திருக்கிறார். பாலத்தின் ஓரத்தில் தண்ணீர்ப் பீப்பாய் வைத்த பலகை மேடை நீட்டிக்கொண்டிருக்குமே, அதற்குத் தாவிக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தார். அவர் முதுகை உரசுகிற மாதிரி ரயில் போனது. முதல் பெட்டி கடந்த பிறகுதான் என்ன நடக்கிறதென்றே அவருக்குத் தெரிந்தது.

கீழே இறங்கி வந்தார். "நீ ஏன் விழுந்தே?" என்றார். நான், "நீங்க ஏன் திரும்பல?" என்றேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டென்று புரிந்தது. இந்த ஒரு வருஷமாக என்ன பேசினாலும் என் வாயைத்தான் பார்த்திருக்கிறார். நான் முட்டாள், இந்த வயதில் மனுஷனுக்கு என்மேல் இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சொன்னார்: "முன்னெல்லாம் மரத்துக்கு மேல புகை தெரியும், பிலோமின். இப்ப வர்ற டீசலுக்குப் புகையே இல்ல. மக்வா நின்னா நானும் நிப்பேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் நான் அவருக்கு முன்னால் நடக்கிறேன். முயலுக்குக் கண்ணி வைக்கப் போகிறேன் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். நான் நின்றால் அப்பாவும் நிற்கிறார், ஒதுங்கினால் ஒதுங்குகிறார். டோய்வோ, "நாய்க்குப் பதிலா பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போறியா அம்ப்ரோஸ்?" என்று கேட்டான். நான் திரும்பி, "கடிக்கவும் செய்வேன், தள்ளி நில்லு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இன்னும் ஒரு நிமிஷம் கூடுதலாக யோசித்திருந்தால் அவனுக்கு விளங்கியிருக்கும்.

ஏரிப் பனி உடைந்ததும் ரயில்வே டாக்டர் காதைச் சோதிக்க வருவார். முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லப் பேசி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். சொல்லாவிட்டால் வேலை போகும், வேலையோடு இந்த வீடும் போகும். அப்பா இப்போதே எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: டாக்டருக்குத் தேநீர் கொண்டுவருகிற சாக்கில் நான் உள்ளே வந்து அப்பாவுக்கு எதிரே நின்று, டாக்டர் சொல்வதை வாயசைத்துக் காட்ட வேண்டுமாம். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆட்டிய நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. செய்தால் இன்னும் பல வருஷம் அவரை அந்தப் பாலத்தில் நடக்க விட்டது நான்தான். செய்யாவிட்டால், அவர் பிறந்த ஏரியிலிருந்து அவரைத் துரத்தியதும் நான்தான். எனக்கும் முழங்கால் வலிக்கிறது. ஒரு காலையில் நான் எழ முடியாமல் படுத்துக் கிடந்தால் அவர் தனியாகப் போவார், போகாமல் இருக்க மாட்டார். பயமாக இருக்கிறது, லியோன்.

இந்தக் கடிதத்தில் அப்பா ஒரே ஒரு விஷயம் எழுதச் சொன்னார். நீ இருக்கிற போர்ட் ஆர்தரில் நல்ல நாய்க்குட்டி கிடைத்தால், காது கூர்மையானதாகப் பார்த்து, ரயிலில் ஏற்றி அனுப்ப வேண்டுமாம். எழுதிவிட்டேன். நீ அனுப்பாதே. நீயே வா. பனி உடைவதற்குள் வா. வேலையை விடும்படி நான் சொன்னால் அது பெண்டாட்டி பயம், நீ சொன்னால் மகனோடு போய் இருக்கிறேன் என்று ஊரில் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்வார். உன் வாடகை அறையில் இடமில்லை என்பது எனக்குத் தெரியும். நாங்கள் தரையில் படுத்துக்கொள்வோம்.

கண்டக்டரிடம் முன்னாலேயே சொல்லிவை, மறந்தால் அடுத்த நிறுத்தத்தில்தான் இறக்குவார். நீ இறங்கும்போது அப்பா ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார். பின்னாலிருந்து கூப்பிடாதே, கண்ணே. சுற்றிப் போய் அவர் முகத்துக்கு எதிரே நில்.

நம் முன்னோர்கள் உன் வழியெல்லாம் கூட வரட்டும்.

உன் வரவுக்காகப் பாலத்தின் முனையில் புகையிலை வைத்துவிட்டு வந்திருக்கும்,
அம்மா
பிலோமின்